அளந்து கொடுத்த தண்ணீர்

மீனாட்சியம்மாளுக்கு நாலு பேர் முன்னால் முதன்முதலாகச் சேலை நனைந்துபோனது ஒரு சித்திரை மாதக் காலையில். மருங்கூரிலிருந்து சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருந்தார்கள். முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மாப்பிள்ளைக்கு என்ன வேலை, பெண் எதுவரை படித்திருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டு வயதிலும் அவள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

காப்பி கொண்டுவந்த பகவதிதான் அதைப் பார்த்தாள். நாற்காலிக் காலை ஒட்டி மொசைக் தரையில் ஒரு ஈரக்கோடு மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. ஒரு துண்டை எடுத்துப் போட்டிருக்கலாம். கை தவறியதுபோல் காப்பியைக் கொஞ்சம் சிந்தியிருக்கலாம். அறுபது வயதுக்காரிக்கு இப்படி நூறு வழி தெரியும்.

"எக்கா, எந்திரிச்சு உள்ள வாங்க. சேலையெல்லாம் நனைஞ்சு கீழ ஒழுகுகு," என்றாள். சத்தமாக, நல்ல அக்கறையான குரலில்.

மீனாட்சியம்மாள் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் பின்பக்கம் தெரியும். வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போகும்வரை அதே நனைவில், அதே நிமிர்வில் உட்கார்ந்திருந்தாள். பகவதி தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனபோது வாயில் சர்க்கரை கரைவதுபோல் இருந்தது. அவள் அதற்காக வெட்கப்படவில்லை.

இரண்டு பேரும் அக்கா தங்கை இல்லை. ஒரே ஆளைக் கட்டியவர்கள்.

தேரூரில் வயலும் தோப்புமாக இருந்த கணபதியப்பனுக்கு மூத்தவளிடம் பதினாறு வருஷம் பிள்ளையில்லை. இரண்டாவதாக ஒருத்தியைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தது மீனாட்சியம்மாள். பார்க்கப் போனதும் அவள்தான். கொட்டாரத்தில் அரிசி ஆலையில் மூட்டை எடைபோட்டுக்கொண்டிருந்தவரின் நாலு பெண்களில் மூன்றாவதைப் பிடித்தது. பகவதியை நடக்கச் சொன்னாள், பல்லைப் பார்த்தாள், அப்புறம் அவளுடைய அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஆனால் பகவதிக்குக் கேட்கும்படியாகவே, "மாசா மாசம் ஒழுங்கா வருமா?" என்று விசாரித்தாள். கோயிலில் மாலை மாற்றினார்கள். பத்துப் பேர் வந்தார்கள். ரேஷன் கார்டில் பகவதியின் பெயருக்கு நேரே 'உறவினர்' என்று எழுதினார்கள்.

இரண்டாம் வருஷம் ஆண் பிள்ளை பிறந்தது. நாகேந்திரன் என்று பெயர். பிறப்புச் சான்றிதழில் தாயார் பெயர் மீனாட்சியம்மாள். பிள்ளை மூத்தவளின் அறையில் படுத்தது. பால் கொடுக்க மட்டும் பகவதியைக் கூப்பிடுவார்கள். கொடுத்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பிவிட வேண்டும். ஆறாம் மாதம் டின் பால் வாங்கினார்கள், கூப்பிடுவது நின்றது. பால் நிற்கவில்லை. மார் கல்லாகி, உள்ளே பிள்ளை அழும்போதெல்லாம் ஜாக்கெட் தானாக நனையும். ஒருநாள் விருந்தாளிகளுக்கு இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "போய் மாத்திட்டு வாட்டி. ஒரே பால் நாத்தம்," என்றாள் மீனாட்சியம்மாள். ஆண்களெல்லாம் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். கணபதியப்பனும் குனிந்தார்.

பையன் முதலில் அம்மா என்று சொன்னது யாரைப் பார்த்து என்று பகவதிக்குத் தெரியாது. அப்போது அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட அவனுக்குச் 'சித்தி' என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

கணபதியப்பனை நல்ல மனுஷன் என்று ஊர் சொல்லும். முப்பத்துமூன்று வருஷம் இரண்டு பெண்களுக்கு நடுவில் வாயைத் திறக்காமல் இருந்து சம்பாதித்த பெயர் அது. அவர் போய் ஏழு வருஷமாகிறது. நாகேந்திரன் மஸ்கட்டில் இருக்கிறான், அஞ்சு என்கிற மனைவியோடும் ஒரு பெண் குழந்தையோடும். வெள்ளிக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவான். "அம்மா எங்க, சித்தி? போனை அம்மாகிட்ட குடுங்க," என்பான். பகவதி போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். படத்தில் அவளுடைய கட்டைவிரல் மட்டும் தெரியும்.

பத்திரிகை வைக்க வந்த அந்த நாளுக்கு முன்னாலேயே நனைவது தொடங்கியிருந்தது. பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கடியில், பழைய சூட்கேஸுக்குள் என்று சுருட்டி ஒளித்த பாவாடைகள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. காய்ந்து விறைத்திருந்தன. மீனாட்சியம்மாளுக்கு மூட்டுவலி. கட்டிலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துப் பின்கட்டுக் கக்கூஸுக்குப் போவதற்குள் பாதி வழியில் போய்விடும். மூத்திரம் முட்டினால் அடக்க முடிவதில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு வீட்டில் ஒருத்திதான் இருந்தாள்.

பகவதி துணிகளைத் துவைத்தாள். அதில் குறை வைக்கவில்லை. ஆனால் பின்பக்கக் கொடியில் போடாமல், தெருவைப் பார்த்த கம்பியில் வரிசையாகக் காயப்போட்டாள். பால்காரர், பக்கத்துவீட்டுக்காரி, பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே நாளில் எட்டுப் பாவாடை காய்வதைப் பார்த்துப் போனார்கள்.

"பொறத்த இடமில்லையாட்டி?" என்று உள்ளிருந்து கேட்டாள் மீனாட்சியம்மாள்.

"அங்கண வெயில் இல்ல, எக்கா."

வைகாசியில் தண்ணீரைக் குறைத்தாள்.

யாரும் சொல்லிக் கொடுத்து வந்த யோசனை இல்லை. உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று தோன்றியது, அவ்வளவுதான். பிள்ளைக்கு மருந்து ஊற்றிக் கொடுக்கும் அளவிலான எவர்சில்வர் தம்ளர் ஒன்று வீட்டில் இருந்தது. காலையில் அதில் ஒன்று, மதியம் சோற்றோடு ஒன்று. மூன்று மணிக்குமேல் எதுவும் கிடையாது. கட்டிலருகில் எப்போதும் இருக்கும் செம்பை எடுத்து அடுக்களை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். மூத்தவளால் அதுவரை நடக்க முடியாது.

முதல் வாரம் பாவாடைகள் குறைந்தன. பக்கத்துவீட்டு யேசுரத்தினம் வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இப்போ வீட்டுக்குள்ள ஒரு வீச்சமும் இல்லியே. நீ கெட்டிக்காரி பகவதி," என்றாள். வெள்ளிக்கிழமை நாகேந்திரனும் சொன்னான், அம்மா முகம் தெளிவாக இருக்கிறதாம். நாற்பது வருஷத்தில் அந்த வீட்டில் பகவதி கேட்ட முதல் பாராட்டுகள் இவை.

இரண்டாம் வாரம் வேறொன்று நடந்தது. மதியம் தாண்டி மூத்தவளின் அறையிலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி, வெள்ளம் கொண்டா."

பகவதி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். போகவில்லை.

"ஏட்டி."

போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, உதடு ஒட்டிய குரலில், "பகவதி. ஒரு மடக்கு தா மக்கா," என்று கேட்டது.

அன்றுதான் மீனாட்சியம்மாள் அவளைப் பெயர் சொல்லிக் கெஞ்சியது. பகவதி எழுந்து, செம்பிலிருந்து அந்தச் சின்னத் தம்ளரில் பாதி ஊற்றி, கொண்டுபோய்க் கொடுத்தாள். மூத்தவள் அவசரமாக வாயில் வைத்தாள். ஒரு துளி சேலையில் விழுந்தது. அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். பகவதி பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் மூன்று தடவை கேட்கும்வரை காத்திருந்தாள். அதற்கடுத்த நாள் ஐந்து. தான் எதை எண்ணுகிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நனைவதும் நிற்கவில்லை. ஒரு மாதத்தில் பழையபடி ஆனது, பிறகு அதைவிட மோசமாயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக, அரை மணிக்கு ஒரு தடவை. பால் விடாத கட்டன்சாயா நிறத்தில், கண்ணை எரிக்கும் நாற்றத்தோடு. தொடையிடுக்கு புண்ணாகிவிட்டது. துடைக்கும்போது மீனாட்சியம்மாள் பல்லைக் கடித்துக்கொள்வாள். "வேணும்னே செய்யுதியளா?" என்று ஒருநாள் பகவதி ஈரத்துணியால் அந்தத் தொடையில் அறைந்தாள். ஒரே ஒரு அடிதான். மூத்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனியில் ஒரு காலை, சாமி படங்களுக்கு முன்னால் வைக்கும் செப்புக் கிண்ணம் காலியாக இருந்தது. முந்தின நாள் தளும்ப வைத்தது. படங்கள் இருந்த அலமாரி மூத்தவளின் கட்டிலிலிருந்து நாலடி தூரம். அந்த நாலடியை அவள் எப்படிக் கடந்தாள் என்று யோசித்தபடி பகவதி கிண்ணத்தைக் கழுவினாள். துளசியிலை அடியில் ஒட்டியிருந்தது. தண்ணீர் வைக்காமல் வெறும் கிண்ணத்தைத் திரும்ப வைத்தாள்.

ஆடி பிறந்து நாலாம் நாள் மீனாட்சியம்மாளுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. விரல்கள் போர்வையைப் பிய்த்தன. நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் குனிந்த பகவதியின் கையைப் பிடித்துக்கொண்டு, ரகசியம்போல் பேசினாள்.

"பிள்ள பாலுக்கு அழுகு. அவகிட்ட கொண்டு குடுங்க. பாலு கட்டிக்கிட்டு நிக்கா பாவம், வேதன தாங்கமாட்டா." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இல்ல, வேண்டாம். குடுத்தா பிறகு நம்மகிட்ட வராது. அவ கெடக்கட்டு."

பகவதி கையை உருவிக்கொண்டாள். நாற்பது வருஷமாக அவள் ஒன்றை நம்பிக்கொண்டிருந்தாள்: பெறாதவளுக்குப் பால் கட்டும் வேதனை தெரியாது, அதனால்தான் அப்படிச் செய்தாள் என்று. தெரிந்திருக்கிறது. பாவம் என்றும் தெரிந்திருக்கிறது.

அடுப்பில் வைத்த பால் பொங்கி வடிந்து தீயும் வாசனை வந்த பிறகுதான் நகர்ந்தாள். போய் அடுப்பை அணைத்தாள். அப்புறம் யேசுரத்தினத்தின் மகன் ஜாஸ்பரைக் கூப்பிட்டு ஆட்டோ கொண்டுவரச் சொன்னாள். அதைச் செய்யாமல் இருந்திருக்கவும் முடியும். ஏன் செய்தாள் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறாள், விடை கிடைத்ததில்லை.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பிய பெண், "நீங்க நோயாளிக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

பகவதி படிவத்தைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அசைந்தார்கள்.

"சொந்தக்காரி," என்றாள்.

மூத்திரப் பையில் கிருமி, அது ரத்தத்துக்கும் ஏறியிருக்கிறது, உடம்பில் தண்ணீரே இல்லை என்றார் டாக்டர். இரண்டு கையிலும் ஊசி குத்திப் பாட்டில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் மூத்தவளுக்கு ஓர்மை திரும்பியது. அன்று டாக்டர் கட்டிலருகில் நின்று, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பாங்க?" என்று கேட்டார்.

"கேக்கவே மாட்டாங்க டாக்டர். கொண்டு குடுத்தாலும் வேண்டாம்பாங்க."

மீனாட்சியம்மாளின் கண்கள் திறந்திருந்தன. டாக்டரைப் பார்த்தாள், பகவதியைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

நாகேந்திரன் ஐந்து நாள் லீவில் வந்தான். அம்மாவின் தொடைப் புண்ணைப் பற்றி நர்ஸ் சொன்னதைக் கேட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்தான். முகம் கணபதியப்பனின் முகம். வாய் மட்டும் பகவதியின் வாய்.

"உங்கள நம்பித்தானே விட்டுட்டுப் போனேன், சித்தி. ஒரு ஆளப் பாக்க முடியல்லியா உங்களுக்கு? வேற என்ன வேலை உங்களுக்கு வீட்டில?"

அவள் தரையைப் பார்த்தாள். அவன் பிறந்தபோது இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருந்தது. இப்போதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவன் நின்ற பக்கத்திலிருந்து அந்தக் காது தெரியவில்லை.

முதியோர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதியை அவன் விசாரித்து வைத்திருந்தான். உள்ளே போய் அம்மாவிடம் சொன்னான். மீனாட்சியம்மாள் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம். இவ போதும். எனக்க துணிய வேற ஒருத்தி அவுக்கப்பிடாது."

நாகேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இத்தனை வருஷப் பழக்கத்தில் அம்மாவுக்குச் சித்திமேல் எவ்வளவு பாசம் என்று அஞ்சுவிடம் போனில் சொன்னது பகவதிக்குக் கேட்டது. அவன் மாத்திரை வாங்கக் கீழே போன பிறகு மூத்தவள் விரலை அசைத்துக் கூப்பிட்டாள். பகவதி குனிந்தாள்.

"வெள்ளத்துக்க காரியம் நான் அவன்கிட்ட சொல்லல்ல. பாத்தியா?"

பகவதி போர்வையைச் சரிசெய்தாள்.

"சொல்லமாட்டேன். நீ ஒழுங்கா இருக்குத வரைக்கும்."

வீட்டுக்கு வந்த பிறகு வாரம் ஒரு தடவை, வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் ஆன்ஸ்லின் வந்தாள். குளச்சல் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். பேசிக்கொண்டே வேலை செய்வாள். முதல் நாளே அந்தச் சின்னத் தம்ளரைக் கையிலெடுத்துப் பார்த்தாள்.

"இதிலயா வெள்ளம் குடுப்பீங்க, ஆன்ட்டி?"

"ஒழுகுகுன்னு கொறச்சேன்."

ஆன்ஸ்லின் கோபப்படவில்லை. எல்லா வீட்டிலும் பார்ப்பதுதான் போலிருக்கிறது. "வெள்ளத்தக் கொறச்சா மூத்திரம் கொறையாது ஆன்ட்டி, கெட்டியாவும். கெட்டியானா பை எரியும். எரிஞ்சா அடக்கவே முடியாது, அடிக்கடி வரும். நீங்க கொறைக்கக் கொறைக்க அவங்களுக்குக் கூடத்தான் செய்யும்." பகவதி கேட்டுக்கொண்டிருந்தாள். எதற்காக அடித்தாளோ, அதை அவளே உண்டாக்கியிருக்கிறாள்.

ஆன்ஸ்லின் சொன்னபடி எல்லாம் நடந்தது. நடுவில் ஓட்டையிட்ட நாற்காலி கட்டிலருகிலேயே வந்தது. பகலெல்லாம் பெரிய தம்ளரில் தண்ணீர், இருட்டின பிறகு குறைவாக. காப்பி ஒரு நேரம் மட்டும். மலம் கட்டாமலிருக்கப் பழமும் கீரையும். புண்ணுக்குக் களிம்பு. முட்டுகிறதோ இல்லையோ, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாற்காலியில் உட்கார்த்திவிட வேண்டும். பகவதியின் போனில் அதற்கு மணி வைத்துக் கொடுத்தாள். பிறகு ஒரு பயிற்சி. மூத்திரத்தை அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி, பத்து எண்ணி, விடவேண்டும். காலையிலும் மாலையிலும். எண்ணுவது பகவதியின் வேலை.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"வேகமா எண்ணாதட்டி."

பகவதி எதையும் விடாமல் செய்தாள். பயத்தினால் செய்தாளா, செய்த தப்புக்காகச் செய்தாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாசத்தினால் இல்லை. ஆவணியில் புண் ஆறியது. புரட்டாசியில் நாளைக்கு ஒரு பாவாடைதான் நனைந்தது. ஐப்பசியில் சில நாள் ஒன்றுமே இல்லை. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாயில் வந்து ஊரில் நடவு முடிந்திருந்தது. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பச்சையைப் பார்த்துக்கொண்டு, மீனாட்சியம்மாள் பழைய குரலில் பேசத் தொடங்கினாள்.

குழம்பில் புளி தூக்கல் என்றாள். தரை துடைத்த துணி நாறுகிறது என்றாள். சாமி அலமாரிச் சாவியைத் தன் இடுப்பில் வாங்கிச் செருகிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வீடியோவில், "இவளுக்கு என்ன தெரியும். நான்தான் ஒவ்வொண்ணாச் சொல்லிச் செய்யவைக்கேன்," என்று சிரித்தாள். நாகேந்திரனும் சிரித்தான். கொட்டாரத்தில் பகவதியின் தங்கை இறந்தபோது, பிணம் எடுக்கும் முன் திரும்பி வரவேண்டியிருந்தது. மூத்தவளை உட்கார்த்தும் மணி போனில் அடித்துவிட்டது.

கார்த்திகையில், மழை ஓய்ந்த ஒரு மத்தியானம். மூத்தவளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற, இரண்டு கைகளையும் அவள் அக்குளில் கொடுத்துத் தூக்கியபோது பகவதிக்குத் தும்மல் வந்தது. ஒன்று, உடனே இன்னொன்று. காலுக்கிடையில் வெதுவெதுப்பாக இறங்கியது. இரண்டு மாதமாகவே அவ்வப்போது இருந்ததுதான். துணி வைத்துக்கொள்வாள். அன்று வைக்கவில்லை. மூத்தவளைத் தூக்கித் தூக்கி அடிவயிறு தளர்ந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும், ஆன்ஸ்லினிடம்கூடச் சொல்லவில்லை. பாதத்தருகே தரையில் சொட்டியது.

மீனாட்சியம்மாள் அதைப் பார்த்தாள்.

"ஏட்டி, நீயுமா?"

பகவதி சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்ன யாருட்டி பாத்துக்கிடுவா? எனக்காவது நீ இருக்க." சொல்லிவிட்டு மூத்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மூச்சுக்குள், பிறகு தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பாதி வழியில், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில், பகவதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே அவளுக்கும் போய்விட்டது. தடுக்க முடியாமல், நிறைய, இரண்டு பேர் காலிலும். சிரிப்பு நின்றது.

"ஏட்டி, நாற்காலியில இரித்து. மாத்து சீக்கிரம்," என்றாள்.

பகவதி அவளை அப்படியே நாற்காலியில் உட்காரவைத்தாள். தரையில் ஒரு சாக்கைப் போட்டாள். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சேலையை அவிழ்த்தாள். வாளியில் தண்ணீர் எடுத்து இடுப்புக்குக் கீழே நன்றாகக் கழுவினாள், துடைத்தாள், பீரோவிலிருந்து வெளுத்த பாவாடை ஒன்றை எடுத்து நாடாவை இறுக்கிக் கட்டினாள். வெளியே ஏட்டி ஏட்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அது பகவதி என்று மாறும் வரைக்கும் அவள் காத்திருக்கவில்லை. ஆனால் சேலைக் கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக, நிதானமாக வைத்தாள். தலையை வாரிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தாள்.